பொட்டு வைத்த சென்சார்

என் கடையில் ஒரு சட்டம் உண்டு. கத்தரிக்கோலைக் கையில் எடுப்பவர்கள் முதலில் போனை பிஸ்கட் டின்னுக்குள் போட்டுவிட வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருத்தி போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே, ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கைக்கு இரண்டு இடது கைகளை வெட்டி வைத்தாள். அன்றைக்கு வந்த சட்டம் அது. ரத்தினம்மா டெய்லரிங் என்றால் சிராங்கூன் சாலைப் பக்கம் நாலு பேருக்குத் தெரியும். ரத்தினம்மாவின் வாய் என்றால் நாற்பது பேருக்குத் தெரியும். அந்த ரத்தினம்மா நான்தான்.

இத்தனை வருடத்தில் அந்தச் சட்டத்தில் கை வைத்தவள் ஒருத்திதான். சரசு.

பத்தொன்பது வருடமாக என் கடையில் துணி வெட்டுகிறாள். ஒரு பெண் வாசல்படி ஏறி வரும்போதே தோள் அளவு அவளுக்குத் தெரிந்துவிடும். டேப் பிடிப்பதெல்லாம் வந்தவர்களின் திருப்திக்காக. அதிகம் பேச மாட்டாள். மதியச் சாப்பாட்டை ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டு மேசைக்கு வந்துவிடுவாள். நான் கத்தினால் காதில் வாங்காமல் சாக்பீஸைக் கூர்தீட்டிக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் கோபம் வரும்.

அவள் கணவர் ரகுபதி லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவர். போன வருடம் புக்கிட் பாஞ்சாங்கில் வேலை முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது, மழையில் சறுக்கி விழுந்தார். கழுத்து எலும்பில் அடி. உயிர் பிழைத்தார். கைகளைத் தூக்க முடியும், விரல்கள் பிடிக்காது. நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பிள்ளைகள் இல்லை. சரசு வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தாள், பதினாலு மாதம்.

ஒரு நாள் கடைக்கு வந்து நின்றாள். கன்னம் ஒட்டிப்போய், கழுத்தெலும்பு தெரிந்தது.

"அக்கா, வர்ற திங்கக்கிழமையிலேர்ந்து வேலைக்கு வரேன். நாலு வாரம் டைம் குடுத்திருக்காங்க."

"யாரு?"

ஆஸ்பத்திரியின் சமூக ஊழியர். நிவேதிதா என்ற பெண். ரகுபதியைப் பகலில் தனியாக விட்டுவிட்டு சரசு வேலைக்குப் போகலாமா கூடாதா என்று அவள் ஒரு தாள் எழுத வேண்டும். நாலு வாரம் எந்த ஆபத்தும் இல்லாமல் நடந்தால் அவர் வீட்டிலேயே இருக்கலாம். இல்லையென்றால் படுக்கையில் கிடப்பவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் தாதிமை இல்லத்தில் இடம் பார்க்க வேண்டும். சரசு வேலைக்குப் போகாமலும் குடும்பம் ஓடாது, வீட்டில் வேறு ஆளும் இல்லை.

"அவரு வீட்டுலதான் இருப்பாரு," என்றாள் சரசு. என்னிடம் சொன்ன மாதிரி இல்லை, எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது.

ஆட்கள் ஏற்பாடு ஆகிவிட்டார்கள். காலையில் வீட்டுக்கு வரும் தாதி, குளிப்பாட்டிவிட்டுப் போவார். எதிர்வீட்டு மைமூன் ஒரு சாவி வைத்திருந்தார். ஒரு மணிக்குச் சோறு ஊட்டி, நாலு மணிக்கு ஒருமுறை வந்து புரட்டிப் படுக்க வைப்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு ரகுபதியின் அக்கா லீலா, இரண்டு அடுக்குமாடி புளோக் தள்ளி இருப்பவர், வந்து கோப்பி கொடுத்து விளக்கேற்றிவிட்டுப் போவார். எட்டு மணிக்குள் சரசு வந்துவிடுவாள்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு சிக்கல். வெயில்.

கழுத்தில் அப்படி அடிபட்டவர்களுக்கு வியர்க்காதாம். எனக்கு இது அன்றுவரை தெரியாது. நமக்கெல்லாம் சூடு ஏறினால் வியர்த்துக் கொட்டி உடம்பு ஆறும். அவருக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. அறை சூடானால் உடம்பும் கூடவே சூடாகும், காய்ச்சல் மாதிரி ஏறிக்கொண்டே போகும், நினைவு தப்பும், அப்புறம் என்ன வேண்டுமானாலும் நடக்கும். இவர்கள் இருப்பதோ தோ பாயோவில் மேற்கு வெயில் நேராக விழும் வீடு. ஏர்கான் நின்றுபோனால் அரை மணி நேரத்தில் அடுப்பங்கரை மாதிரி ஆகிவிடும்.

சரசு ஒரு பெட்டி வாங்கினாள். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். சுவரில் ஒட்டினால் ரிமோட் செய்யும் வேலையை அது செய்யும். எங்கே இருந்தாலும் போனிலிருந்தே ஏர்கானைப் போடலாம், அணைக்கலாம். கூடவே வெள்ளையாக ஒரு சென்சார், பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. அது அறையின் சூட்டை அளந்து போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். யாரையும் கூப்பிடாமல் அவளே உட்கார்ந்து பொருத்தினாள். மூன்று சாயங்காலம் ஆனது. முதல் நாள் வைஃபை பிடிக்கவில்லை, இரண்டாம் நாள் ஏர்கானுக்குப் பதில் டிவி அணைந்தது, மூன்றாம் நாள் வேலை செய்தது. வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புவதைத் தவிர வேறொன்றும் அறியாதவள், பள்ளிப் பிள்ளை மாதிரி ஒரு நோட்டில் ஒவ்வொரு படியாக எழுதி வைத்திருந்தாள்.

"இதுல நாமதான் ஒரு கோடு போடணும்க்கா," என்று எனக்கு விளக்கினாள். "இருபத்தெட்டு டிகிரின்னு போட்டிருக்கேன். அந்தக் கோட்டைத் தாண்டிப் பத்து நிமிஷம் இருந்தா போன் கத்தும். சாக்பீஸ்ல நாம கோடு போடுற மாதிரிதான்."

"கத்தட்டும். டின்னுக்குள்ள கெடந்து கத்தட்டும்."

"டின்னுலயே போடுறேன். ஆனா டின்னு என் மேசைமேல இருக்கணும், மூடி போடக் கூடாது."

பன்னிரண்டு வருடச் சட்டம். நான் முறைத்தேன். அவள் பாட்டுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் மேசையில் வைத்துக்கொண்டாள். தகர டின்னுக்குள் போன் அதிர்ந்தால் கடை முழுக்கக் கேட்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதல் நாள் சாயங்காலம் ஆறரைக்கே டின் அதிர்ந்தது. இருபத்தொன்பது டிகிரி. சரசு கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினாள். ஏழேகாலுக்குப் போன் வந்தது.

"ஒண்ணுமில்லக்கா. வீடு ஜில்லுன்னுதான் இருக்கு. வெளக்குதான் காரணம்."

சென்சாரை அவள் எங்கே வைத்திருந்தாள் தெரியுமா? சாமி மேடையில்! படுக்கையறை சின்னது என்பதால் ரகுபதியின் கட்டிலை ஹாலில் போட்டிருந்தார்கள். அதே ஹாலில்தான் ஏர்கானும் சாமி மேடையும். சரசு எந்த முக்கியமான பொருளையும் முருகன் காலடியில்தான் வைப்பாள். பாஸ்போர்ட், வீட்டுப் பத்திரம், என் கடையின் மாற்றுச்சாவி உட்பட எல்லாம் அங்கேதான். சென்சாரையும் அங்கே வைத்து, சந்தனம் தடவி, குங்குமப் பொட்டும் வைத்திருந்தாள். அதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் விளக்கு.

மறுநாளும் ஆறரைக்கு டின் அதிர்ந்தது. அதற்கு மறுநாளும் அதிர்ந்தது. தீபாவளிக்கு ஐந்து வாரம்கூட இல்லை, கடையில் ரவிக்கைத் துணி மலையாகக் குவிந்திருக்கிறது, தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு இந்தக் கூத்து. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டி, வெளக்கு எரியுற நேரத்துக்கு மட்டும் அதோட வாயை அடைக்க முடியாதா?"

"முடியும்," என்றாள் தயங்கி. "அதுக்குன்னு ஒரு எடம் இருக்கு. ஆனா..."

"ஆனாவும் ஆவன்னாவும். அடச்சு வையி. அதான் உன் நாத்தனார் பக்கத்துலயே இருக்காங்கல்ல?"

ஆறு மணியிலிருந்து ஏழரை வரை சத்தம் வராமல் அவள் மாற்றினாள். நான் சொல்லித்தான் செய்தாள். இதை நான் மறைக்க விரும்பவில்லை.

இரண்டு வாரம் நிம்மதியாகப் போனது. சரசுவின் கை பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. நிவேதிதா இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, "சோ ஃபார் சோ குட் ஆன்ட்டி," என்று சொல்லிவிட்டுப் போனாளாம். சரசு அதைச் சொல்லும்போது சிரித்தாள். பல் தெரியச் சிரித்து ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும்.

மூன்றாம் வாரம், வெள்ளிக்கிழமை. தெருவெல்லாம் தீபாவளி விளக்கு, கடைக்குள் நிற்க இடமில்லை. ஏழு மணி முப்பத்தொன்றுக்கு டின் அதிர்ந்தது. சரசு எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"முப்பத்திமூணுக்கா."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளுக்கு ஓடியது. போனிலிருந்தே ஏர்கானைப் போட்டாள். அடுத்த நொடி மைமூனைக் கூப்பிட்டாள். "மைமூன் அக்கா, ஓடுங்க, கதவைத் தொறங்க. ஜன்னல் தொறந்திருந்தா எல்லாத்தையும் சாத்துங்க. துண்டை நனைச்சுக் கழுத்துல, அக்குள்ல, நெத்தியில போடுங்க. நான் வந்துட்டே இருக்கேன்." குரல் நடுங்கவில்லை. செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கடையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு நானும் அவளோடு டாக்சியில் ஏறினேன். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். ஆறிலிருந்து ஏழரை. அடச்சு வையி என்று சொன்னது யார்? இந்த வாய்தானே?

வீட்டுக்குள் நுழைந்தபோது சாம்பிராணி வாசம் இன்னும் போகவில்லை. ரகுபதியின் முகம் சிவந்து, தோல் காய்ந்து கிடந்தது. ஒரு பொட்டு வியர்வை இல்லை. மைமூன் முழங்கைவரை தண்ணீரோடு துண்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஜன்னல் அத்தனையும் தொறந்து கெடந்துச்சு சரசு. உள்ள நொழைஞ்சா ஒரே அனல். கூப்புட்டா முனகுறாரு, பேச்சு வரல."

உடம்புச் சூடு முப்பத்தொன்பதை நெருங்கியிருந்தது. சரசு தாதியைப் போனில் பிடித்து, அவர் சொல்லச் சொல்லச் செய்தாள். இருபது நிமிடத்தில் கொஞ்சம் இறங்கியது. ரகுபதி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "கடையைப் பூட்டிட்டீங்களா?" என்று கேட்டார். அவருக்கு நான் யார் என்று தெரிந்தது. நான் சமையல்கட்டுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். அழுததை யாரும் பார்க்க வேண்டாமே என்றுதான்.

அப்போது லீலா வந்தார், கையில் கோயில் பிரசாதத்தோடு. அன்றைக்குக் கோயிலில் விசேஷ பூசை. அவசரமாகப் போய்விட்டு வருகிறார். எங்களைப் பார்த்ததும் பிரசாதம் கையிலிருந்து நழுவியது.

"ஐயோ! நான் ஏர்கானைப் போடாமப் போயிட்டேன்!"

சரசு நிமிர்ந்தாள். "நீங்க எதுக்கு அண்ணி அதை அணைச்சீங்க?"

"வெளக்கு ஏத்துறப்ப அந்தக் காத்துல திரி நிக்குமா? வெளக்கு வெச்சா கதவு ஜன்னலெல்லாம் தொறக்கணும்ல, லட்சுமி வர வேணாமா? வெளக்கு மலையேறுனதும் எல்லாத்தையும் சாத்திட்டு ஏர்கானைப் போட்டுட்டுத்தான் போவேன். தெனமும் அப்படித்தான். இன்னிக்கு..."

தினமும் அப்படித்தான்! எனக்குச் சுருக்கென்றது. சரசு போனை எடுத்து, சூட்டைக் காட்டும் அந்தக் கோட்டுப் படத்தைத் திறந்தாள். மூன்று வாரமும், ஒரு நாள் தவறாமல், ஆறே காலுக்குக் கோடு மேலே ஏறி ஏழு மணிக்கு இறங்கியிருந்தது. விளக்குச் சூடு என்று நாங்கள் நினைத்தது வீட்டுச் சூடு. அந்தச் சென்சார் முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் கத்தியிருக்கிறது. நாங்கள்தான் அதன் வாயைப் பொத்தினோம்.

"ஏங்க," என்றாள் சரசு கட்டிலருகே குனிந்து. "தெனமும் ஒரு மணி நேரம் வெந்திருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. ஏன்?"

ரகுபதி கூரையைப் பார்த்தார். "சொன்னா நீ வேலையை விட்டுடுவே. இல்லன்னா அவங்க என்னைக் கொண்டுபோய் வேற எடத்துல போட்டுடுவாங்க. ஒரு மணி நேரம்தானே, தாங்கிக்கலாம்னு நெனச்சேன்."

லீலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "என் தம்பியை நானே கொன்னுருப்பேன். போதும் சரசு. அந்த இல்லத்துலயே சேத்துடலாம். நாம யாருக்கும் இதுக்குத் தகுதி இல்ல."

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் நாத்தனாரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்கள். நானாக இருந்தால் அந்தப் புளோக்கே கேட்டிருக்கும். சரசு லீலாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, சென்சாரை வெளக்குப் பக்கத்துல வெச்சது நான். அதோட வாயை அடைச்சதும் நான். நீங்க தெனமும் செய்யுறதை ஒரு நாள் மறந்தீங்க, அவ்வளவுதான். இவரு எங்கயும் போகப் போறதில்ல. எந்திரிங்க, வேலை இருக்கு."

அன்றைக்கே அவள் நிவேதிதாவுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். மூன்று வாரப் படத்தோடு. "ஏண்டி, மறைச்சா யாருக்குத் தெரியும்?" என்று நான் கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

நிவேதிதா மறுநாளே வந்தாள். சரசுவைத் திட்டவில்லை. ஆனால் தாளை மூடிவிட்டாள். "ஆன்ட்டி, ஐ ஹேவ் டு பி ஹானஸ்ட். இது ரொம்ப சீரியஸ். அடுத்த வெள்ளிக்கிழமை வெளக்கு ஏத்துற டைமுக்கு நானே வந்து உக்காருவேன். நீங்க வேலையில இருக்கணும், நான் எதையும் தொட மாட்டேன். அன்னிக்கு சரியா வரலன்னா, நான் இல்லத்துக்குத்தான் எழுதணும்."

ஏழு நாள். சென்சார் சாமி மேடையிலிருந்து இறங்கிக் கட்டிலின் தலைமாட்டுக்குப் போனது, பொட்டோடு. வாயடைத்த நேரம் நீக்கப்பட்டது. கோட்டை இருபத்தேழரைக்கு இறக்கி, பத்து நிமிடத்தை மூன்றாக்கினாள். லீலா விளக்குக்குக் கண்ணாடிக் கூண்டு ஒன்று வாங்கி வந்தார். இனி காற்றடித்தாலும் திரி நிற்கும், ஏர்கானை அணைக்க வேண்டாம். லட்சுமிக்கு வாசல் கதவு மட்டும், அதுவும் ஐந்து நிமிடம். எச்சரிக்கை சரசுவுக்கு மட்டும் வந்தால் போதாது என்று மைமூன், லீலா, நான் என்று மூன்று பேர் போனிலும் அவள் அதைப் போட்டுவிட்டாள். நானும் டின்னிலிருந்து என் போனை எடுத்து மேசைமேல் வைத்தேன். கடையில் எல்லோரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும்.

புதன்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்த சரசு பாதியில் நிறுத்தினாள்.

"அக்கா, நாலு பேருக்கு அலாரம் வெச்சேன். யாருக்காக வெச்சேனோ அவருக்கு வெக்கலியே!"

அன்றைக்கே பேச்சைக் கேட்டு வேலை செய்யும் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிப்போய்க் கட்டில் பக்கத்தில் வைத்து, அந்தப் பெட்டியோடு இணைத்தாள். சூடு கோட்டைத் தாண்டினால் முதலில் அது ரகுபதியிடம் சொல்லும். அவர் வாயால் சொன்னால் ஏர்கான் கேட்கும். முதல் நாள் அவர், பேச்சுக்குப் பேச்சு லா போடும் பழக்கத்தில், "ஏர்கான் ஆன் லா" என்றாராம், அது மன்னிப்புக் கேட்டதாம். "லா இல்லாமச் சொல்லுங்க," என்று சரசு சொல்ல, "முப்பது வருஷம் லிஃப்டையெல்லாம் பேச வெச்சவன், எனக்கே பாடமா?" என்று அவர் எகிறினாராம். எகிறினார் என்று அவள் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினஞ்சு மாதமாக அந்த மனிதர் யாரிடமும் எகிறியதில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆறு மணியிலிருந்து கடையில் எனக்கு ஒரு தையலும் நேராக வரவில்லை. சரசு மயில் கழுத்துப் பச்சையில் ஒரு பட்டுத் துணியை விரித்து, கோடு போட்டு, வெட்டத் தொடங்கினாள். ஆறு இருபத்தாறுக்கு என் போன் கத்தியது. அவள் டின் அதிர்ந்தது. இருபத்தேழு புள்ளி எட்டு.

"சரசு! போடுடி ஏர்கானை! அந்தப் பொண்ணு அங்க உக்காந்து பாத்துட்டு இருக்கா!"

அவள் கை டின்மேல் போனது. போய் நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டாள்.

"பொறுங்கக்கா. அவரு போடுவாரு."

"போடலன்னா?"

"போடுவாரு."

ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் மைமூன் எனக்கு இரண்டு முறை போன் செய்துவிட்டார். அப்புறம் திரையில் ஒரு வரி வந்தது, ஏர்கான் குளிர் கூட்டப்பட்டது என்று. இருபத்தேழு புள்ளி எட்டு, இருபத்தேழு புள்ளி ஐந்து, இருபத்தேழு என்று கண்ணெதிரே இறங்கியது. நான் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

ஏழு மணிக்கு டின் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை ரகுபதி. ஸ்பீக்கரிடம் சொல்லித் தானே கூப்பிட்டிருக்கிறார். சரசு போனை வெளியே எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"சரசு, லீலாக்கா வேணும்னே கதவைக் கூடக் கொஞ்ச நேரம் தொறந்து வெச்சுட்டா, நான் என்ன செய்யுறேன்னு பாக்க. நான் சமாளிச்சேன். அந்தப் பொண்ணு தாள்ல எழுதிட்டுப் போயிடுச்சு. வீடுன்னுதான் எழுதியிருக்கு, நான் படிக்கச் சொல்லிக் கேட்டேன்."

சரசு கையில் கத்தரிக்கோலோடு போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேக்குதா? அங்க வேலை நெறைய இருக்கும். ஓடி வராத. வெட்டி முடிச்சுட்டு மெதுவா வா."

பதினஞ்சு மாதமாக அவளிடம் யாரும் மெதுவாக வா என்று சொன்னதில்லை. அவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் எழுந்து போய் அவள் முன்னாலிருந்த துணியை வெடுக்கென்று இழுத்தேன்.

"அழுறதுன்னா தள்ளி நின்னு அழுடி, பட்டுத் துணி!"